இசாமுவின் இடது முழங்கால்

என் தம்பி ஜோஸுக்கு யாரிடமும் முகம் முறியப் பேசத் தெரியாது. எனக்கோ வேறு விதமாகப் பேசவே தெரியாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு ஆண்டவர் இப்படிப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். ரங்கூன் தாமுவேயில் எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும், ரோஸ்லின் வாயைத் திறந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்பார்கள். ஜோஸைப் பற்றிக் கேட்டால் தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கமான மனுஷனும் ஒரு ஜப்பான்காரனும் ஒருவர் மனத்தை ஒருவர் நோகடிக்காமல் பார்த்துக்கொண்டதில் ஒரு முழங்கால் போனது. கால் போனவன் இப்போது எங்கேயோ நடமாடிக்கொண்டுதான் இருக்கிறான். என் தம்பிதான் எழுந்திருக்கவில்லை.

எண்பத்தெட்டில் ஊர் கலவரப்பட்டு யுனிவர்சிட்டியை மூடியபோது ஜோஸ் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தான். இன்று திறப்பார்கள், நாளை திறப்பார்கள் என்று கோயில் மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டே காத்திருந்தான். கோல்கீப்பராக நிற்பான். எதிர் டீம்காரன் மனம் நோகக்கூடாதென்று பந்தை விட்டுவிடுகிறாயா என்று நான் கேலி செய்வேன். அத்தனை கோல் வாங்குவான். துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த எங்கள் அப்பா சிலுவைமுத்து கண்ணை மூடிய பிறகு, ஓர் ஏஜெண்டைப் பிடித்து அவன் ஜப்பானுக்குப் போனான். போனது மொழி படிக்க. கழுவியதெல்லாம் தட்டு. டோக்கியோவில் ஓர் ஓட்டலின் பின்கட்டில் பன்னிரண்டு வருஷம் கிடந்து, ஒருநாள் விசா இல்லையென்று பிடிபட்டு, ஒரு பையோடு திரும்பி வந்தான்.

பர்மியர்கள் ‘ஆநாடே’ என்பார்கள். அடுத்தவருக்கு மனக்கஷ்டம் கொடுத்துவிடுவோமோ என்று உள்ளுக்குள் கூசுவது. நாம் தாட்சண்யம் என்கிறோம். ரங்கூனில் பிறந்தவனுக்கு அது தாய்ப்பாலோடு வருவது. ஜோஸ் அது போதாதென்று ஜப்பானில் மேல்படிப்பு வேறு படித்துவிட்டு வந்தான். டூரிஸ்டுகளுக்கு வழிகாட்டப் போனால், பகோடாவில் படி எத்தனை என்று கேட்பவர்களிடம்கூடக் கம்மியாகத்தான் சொல்வான். ஏறப்போகிறவர்கள் பாவமாம்.

இரண்டாயிரத்து ஒன்பதில் புதிய கால்பந்து லீக் வந்தது. அதுவரை சர்க்கார் இலாகாக்களின் டீம்கள்தான். அதில் ஆடுகிறவன் பகலில் பைல் சுமப்பான், சாயங்காலம் பந்து உதைப்பான். இப்போது முதலாளிகள் டீம் வைத்தார்கள். வெளிநாட்டுக்காரன் இல்லாத டீம் ஒரு டீமா என்று ஆயிற்று. கட்டட காண்ட்ராக்டர் ஒருவர் தன் டீமுக்கு ஜப்பானிலிருந்து ஒரு மிட்ஃபீல்டரை வரவழைத்தார். அவன்தான் இசாமு மிசாவா. அவனுக்குப் பேச ஒரு வாய் வேண்டுமென்று ஜோஸை வைத்துக்கொண்டார்கள்.

இசாமு ஜப்பானில் வடக்கே, வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் ஊரில் பிறந்தவன். அந்த நாட்டில் தொழில்முறை லீக் தொடங்கிய காலத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு சேர்ந்தவன். கூட ஆடிய சிலர் நாட்டின் டீமுக்குப் போனார்கள். இவனை ஒருவரும் கூப்பிடவில்லை. இடையில் முழங்கால் நோவால் ஒரு வருஷம் உட்கார்ந்தான். பிறகு இரண்டாம் டிவிஷன். அதிலிருந்தும் விடுவித்தபோது சிங்கப்பூர், அப்புறம் தாய்லாந்தில் ஏதோ ஒரு மாகாண டீம். ஒவ்வொரு ஊரும் முந்தைய ஊரைவிடச் சின்னது. கடைசியில் முப்பத்தைந்தை எட்டும் வயதில் எங்கள் தாமுவேக்கு வந்து சேர்ந்தான். இதற்குக் கீழே இறங்க வேறு படி இல்லையென்று அவனுக்கே தெரிந்திருந்தது. இன்னும் ஒரு வருஷம் ஆடவேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

விமான நிலையத்தில் பார்த்ததும் ஜோஸ் அவனிடம், “தொண்ணூத்தெட்டில் உங்க ஆட்டத்தை டி.வி.யில பார்த்திருக்கேன்” என்றானாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னான்.

“நிஜமாவா பார்த்தே?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. ஆனா பாவம், அவ்வளவு தூரம் வந்திருக்காரு. யாராவது ஒருத்தர் பார்த்திருக்கணும்ல?”

தலையில் அடித்துக்கொண்டேன்.

எங்கள் கட்டடத்திலேயே இரண்டாம் மாடியில் கிளப்காரர்கள் அவனுக்கு ஒரு வீடு எடுத்துக் கொடுத்தார்கள். நாங்கள் நாலாம் மாடி. சாப்பாட்டுக்கு என்னிடம் ஏற்பாடு. முதல் மாதங்களில் மேலே ஏறி வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான். என் மீன்குழம்பைக் கண்ணில் நீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்புவான். காரம் ஜாஸ்தியா என்று கேட்டால், இல்லை இல்லை என்று தலையை ஆட்டுவான். ஜோஸுக்கு ஏற்ற ஜோடி என்று நினைத்துக்கொண்டேன். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அந்த ஒரு தமிழ் வார்த்தையைத்தான் ஜோஸ் அவனுக்குக் கற்றுக் கொடுத்திருந்தான்.

பசுண்டௌங் ஓடையைத் தாண்டி தாகேதாவில் ஒரு சேற்று மைதானத்தில் அவர்களுக்குப் பயிற்சி. கோச் இலாகா டீமில் ஆடிக் கிழவரானவர், நாக்கில் நரம்பில்லாதவர். “இந்தக் கிழட்டு மாட்டை யார் ஓட்டிட்டு வந்தது? ஓட முடியலேன்னா ஊருக்குப் போகச் சொல்லு” என்று பர்மிய மொழியில் கத்துவார். ஜோஸ் ஜப்பானிய மொழியில், “முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடினால் நன்றாக இருக்கும் என்கிறார்” என்பான். இசாமு, “மழையில் இடது முழங்கால் உள்பக்கம் வலிக்கிறது, கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும்” என்பான். ஜோஸ் கோச்சிடம், “கால் லேசா பிடிச்சிருக்காம், சமாளிச்சுக்கிறேன்கிறாரு” என்பான். இப்படி நடுவில் நின்று இரண்டு பக்கமும் சர்க்கரை தடவிக்கொண்டிருந்தான். இதையெல்லாம் வெட்கமில்லாமல் என்னிடம் வந்து சொல்லவும் செய்வான், ஏதோ சண்டையை விலக்கிவிட்ட பெருமையோடு.

மழைக்காலத்தின் நடுவில் இசாமு மேலே வருவதை நிறுத்தினான். களைப்பாக இருக்கிறது, சாப்பாட்டைக் கயிற்றில் இறக்க முடியுமா என்று ஜோஸிடம் சொல்லி அனுப்பினான். எங்கள் ஊர் மாடிவீடுகளில் பால்கனிக்குப் பால்கனி ஒரு கயிறு தொங்கும். பேப்பர்காரன், காய்கறிக்காரி எல்லாருக்கும் அதுதான் வழி. நான் டிபன் காரியரைக் கட்டி இறக்குவேன். கீழே இரண்டாம் மாடியில் அவன் கை நீண்டு வாங்கிக்கொள்ளும். களைத்தவன் சாப்பாட்டுக்குக்கூட இரண்டு மாடி ஏறமாட்டானா? ஒருநாள் அவன் தெருவிலிருந்து ஏறுவதை எட்டிப் பார்த்தேன். வலது காலை வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

“ஜோஸு, அவன் கால் போயிருச்சுடா. டாக்டர்கிட்டே கூட்டிட்டுப் போ” என்றேன்.

கூட்டிக்கொண்டுதான் போனான். முதலாளியும் பழக்கூடையோடு கூடவே வந்துவிட்டாராம். டாக்டர் காலை மடக்கி, நீட்டி, திருப்பிப் பார்த்தார். படம் எடுத்துப் பார்த்தார். முதலாளி சிரித்துக்கொண்டே, “கப் அரையிறுதிக்கு என் விருந்தாளிங்க எல்லாம் வர்றாங்க டாக்டர். நம்ம ஜப்பான்காரரு ஆடுவாருல்ல?” என்றார். டாக்டரும் நம் ஊர்க்காரர்தானே. “ஓய்வு எடுத்தா நல்லது” என்று இழுத்தார். முதலாளி காருக்குப் போன பிறகுதான் ஜோஸைத் தனியாக ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “உள்ளே சவ்வு கிழிஞ்சிருக்கு. தசைநாரும் நூலாத் தொங்குது. இப்ப உட்கார்ந்தா பொழைச்சுக்கும். இதோட ஒரு மேட்ச் ஆடினா அவரு ஆட்டம் அதோட முடிஞ்சுது. அவர்கிட்டே பக்குவமா சொல்லிடுங்க.”

காரில் இசாமு கேட்டான், டாக்டர் என்ன சொன்னார் என்று. முன் சீட்டில் முதலாளி உட்கார்ந்திருந்தார். இசாமுவின் முகம் மலர்ந்திருந்ததாம். ஜோஸ், “இறுக்கிக் கட்டுப் போட்டால் ஆடலாம் என்றார்” என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலம் இதை என்னிடம் சொன்னபோது நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சியை அவன் தலையில் கொட்டாதது அவன் செய்த புண்ணியம்.

“அறிவிருக்காடா உனக்கு? அது அவன் கால்டா. உன் வீட்டுச் சொத்தா?”

“சொல்றேன்க்கா. நாளைக்குச் சொல்றேன்.”

“இப்பவே போய்ச் சொல்லு.”

“இப்பத்தான் சந்தோஷமா இருக்காரு. எப்படிக்கா மூஞ்சியைப் பார்த்துச் சொல்றது? நாளைக்கு.”

நாளை வந்தது, போனது. தாட்சண்யம் தனநாசம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? அரையிறுதிக்கு முந்தின நாள் மத்தியானம் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. இவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினேன். என் இங்கிலீஷ் கன்னியாஸ்திரீகள் பிரம்பால் அடித்துச் சொல்லிக் கொடுத்தது. அவன் இங்கிலீஷ் மைதானத்தில் பொறுக்கியது. இரண்டையும் வைத்துப் பேசிக்கொண்டோம்.

அவன் தரையில் உட்கார்ந்து, இடது காலைத் தலையணையின் மேல் நீட்டி, பிளாஸ்டிக் பையில் ஐஸ் வைத்துக் கட்டியிருந்தான். என்னைக் கண்டதும் அந்தக் காலோடு எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

“டாக்டர் நீ ஆடக்கூடாதுன்னு சொன்னார். ஜோஸ் உன்கிட்டே மாத்திச் சொல்லிட்டான். நாளைக்கு ஆடினா உன் கால் போயிரும். இதுதான் நிஜம்” என்றேன்.

அவன் அதிர்ச்சியடைவான், கோபப்படுவான், ஜோஸைத் திட்டுவான் என்று நினைத்துத்தான் போனேன். அவன் மெதுவாகத் தலையை ஆட்டினான். “தெரியும் அக்கா” என்றான்.

“எப்படித் தெரியும்?”

“என் கால் இல்லையா? டாக்டர் கை வைத்ததும் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு ஜோஸ் முகத்தைப் பார்த்தேன்.” கொஞ்சம் சிரித்தான். “ஜோஸ் பொய் சொல்வது எனக்கு முதல் நாளே தெரியும். தொண்ணூற்றெட்டில் என்னை டி.வி.யில் பார்த்ததாகச் சொன்னார். அந்த வருஷம் முழுவதும் நான் கால் நோவோடு வீட்டில் இருந்தேன். ஒரு ஆட்டமும் ஆடவில்லை. ஆனாலும் எனக்காக யாரும் அப்படி ஒரு பொய் சொன்னதில்லை.”

எனக்கு அப்போதுதான் உட்காரத் தோன்றியது.

“தெரிஞ்சுமா ஆடப் போறே?”

“அந்த வருஷம் டாக்டர் சொன்னதைக் கேட்டேன், அக்கா. உட்கார்ந்தேன். கால் சரியானது. திரும்பிப் போனபோது என் இடத்தில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். அந்த இடம் எனக்குப் பிறகு கிடைக்கவே இல்லை. அங்கிருந்துதான் இறங்கி இறங்கி இங்கே வந்திருக்கிறேன். இப்போது உட்கார்ந்தாலும் கால் சரியாகும். சரியான காலை வைத்துக்கொண்டு எங்கே போய் ஆடுவது? யார் கூப்பிடுவார்கள்?” ஐஸ் பையைத் திருப்பி வைத்தான். “ஜோஸ் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் கேட்டே ஆகவேண்டும். கோச்சுக்கும் தெரிந்துவிடும். அவர் சொல்லாததால் ஆடலாம்.”

பிறகு கேட்டான்: “எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லாதீர்கள். வெட்கப்படுவார்.”

எனக்குக் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. இரண்டு முட்டாள்கள் ஒருவர் முகத்தை ஒருவர் காப்பாற்றிக்கொள்கிறார்கள், நடுவில் நான் எதற்கு? ஆனாலும் அவன் அந்தக் காலோடு குனிந்து கேட்டபோது, மாதா மேல் ஆணையாகச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டிருக்க ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

ஆட்டம் துவண்ணா ஸ்டேடியத்தில். எனக்குக் கால்பந்து பிடிக்காது. இருந்தும் குடையை எடுத்துக்கொண்டு போனேன். மழை விடவில்லை. மைதானத்தில் தண்ணீர் நின்றது. மிட்ஃபீல்டர் வேலை இன்னதென்று அன்றுதான் பார்த்தேன். பின்னாலிருந்து வருகிற பந்தை வாங்கித் திரும்பி, ஓடுகிறவன் காலுக்கு முன்னால் கொண்டுபோய் வைக்கவேண்டும். கோல் போட்டவன் பெயர்தான் பேப்பரில் வரும், வைத்தவன் பெயர் வராது. இசாமு முதல் பாதி முழுக்க வைத்துக்கொண்டே இருந்தான். படியேறச் சுவரைப் பிடித்தவனா இவன் என்று நானே சந்தேகப்பட்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று கத்தினார்கள். கோச்கூடக் கைதட்டினார். பெஞ்சின் ஓரத்தில் ஜோஸ் மட்டும் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், அவன் பந்தை வாங்கித் திரும்பினான். உடம்பு திரும்பியது. இடது கால் சேற்றில் அப்படியே நின்றது. விழுந்தவன் கத்தவில்லை. தண்ணீரில் மல்லாந்து கிடந்து மழையைப் பார்த்தான்.

ஜோஸ் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஓடினான். இசாமு ஏதோ சொன்னான். கோச் வந்து, என்ன சொல்றான் என்று கேட்டார். ஜோஸ் அன்று ஒரு வார்த்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. “மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாரு” என்றான்.

டீம் தோற்றது. அடுத்த வாரம் டாக்டர் சொன்னது எல்லாம் வெளியே வந்தபோது, கோச் ஜோஸின் சட்டையைப் பிடித்தார். “எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உட்கார வெச்சிருப்பேனேடா! நான் என்ன கசாப்புக்காரனா?” என்று கேட்டார். அந்த நாக்கில் நரம்பில்லாத மனுஷன் அழுதார் என்று ஜோஸ் சொன்னான். முதலாளி இசாமுவுக்கு அரக்குப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்து, கால் சரியானதும் கட்டாயம் திரும்பி வரவேண்டும் என்றார். அதையும் ஜோஸ்தான் மொழிபெயர்த்துச் சொன்னான்.

மிங்கலடோன் விமான நிலையத்தில் இசாமுவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் ஜோஸின் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களால்தான் நான் ஆடினேன்” என்று எனக்கும் புரிகிற மாதிரி இங்கிலீஷில் இரண்டு தடவை சொன்னான். அதைவிடத் தெளிவாக ஒருவன் எப்படிச் சொல்வான்? ஆனால் ஜோஸ் அதை ஜப்பானிய மரியாதை என்று எடுத்துக்கொண்டான். எனக்குத் தெரியும், அவன் முகம் அப்படித்தான் சுருங்கியது. நான் வாயைத் திறந்தேன். இசாமு என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன்.

ஜப்பானில் ஆபரேஷன் செய்தும் பெரிதாகப் பயனில்லை. இங்கே வேறு டீமில் ஆடிய ஒரு ஜப்பான்காரன் வழியாகச் செய்தி வந்தது: ஒரு சரக்குக் கிடங்கில் உட்கார்ந்து பார்க்கும் வேலை, கைத்தடி, மண்டி போட முடியாது. இதைக் கேட்ட நாளிலிருந்து ஜோஸ் ஜப்பானிய மொழியை விட்டுவிட்டான். டூரிஸ்ட் வேலைக்கு வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள், போகவில்லை. க்யிம்யிண்டைங் படகுத்துறையில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனான். அங்கே யாரோடும் பேசவேண்டியதில்லை என்றான். பூசைக்குப் போவதை நிறுத்தினான். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சாராய நெடி வந்தது. சாப்பிடும்போது திடீரென்று கையை நிறுத்தி, “கார்லயே சொல்லியிருக்கலாம்க்கா” என்பான். தினமும் அதே வார்த்தை. நான் குழம்பை ஊற்றுவேன்.

ஒரு வருஷம் தாங்கினேன். இரண்டாயிரத்துப் பத்து மழை முடிந்த சமயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சவரம் செய்யாமல், குளிக்காமல், பால்கனியில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நாற்பதைத் தாண்டியவன் அறுபது வயதுக் கிழவன் மாதிரி இருந்தான். மாதா மேல் வைத்த ஆணைக்கு நான் மாதாவிடமே பதில் சொல்லிக்கொள்கிறேன், என் தம்பி எனக்கு வேண்டும் என்று முடிவு செய்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“ஜோஸு, அவனுக்குத் தெரியும்டா. மேட்ச்சுக்கு முந்தின நாள் நான் போய் எல்லாத்தையும் சொன்னேன். அதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஆடினான். உனக்குத் தெரியவேண்டாம்னு என்கிட்டே சத்தியம் வாங்கிக்கிட்டான். உன்னால ஒண்ணும் போகல.”

டி.வி. விஷயத்தைச் சொன்னேன். ஐஸ் பையைச் சொன்னேன். அவன் சொன்னது ஒவ்வொன்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

ஜோஸ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்து ரொம்ப நாளாயிற்று. என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

“அக்கா, உனக்கு இப்படியெல்லாம் பேச வராதே. எனக்காகக் கத்துக்கிட்டியா?” என்றான்.

நான் கத்தினேன். பொய் இல்லை என்றேன். உள்ளே போய் வேதப்புத்தகத்தை எடுத்து வந்து, அதன் மேல் கையை வைத்து அப்பா பெயரைச் சொல்லி ஆணையிட்டேன்.

“சரிக்கா, நம்புறேன்” என்றான் ஜோஸ். என் மனம் நோகக்கூடாதே என்று.